கட்டைத் துவக்கு

தயாபரனுக்கு மான் சுட ஒரு துவக்கு வாங்க வேண்டியிருந்தது. அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை.

நோர்வேயின் மேற்குக் கரையில், கார்களை ஏற்றிக்கொண்டு தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் அவருக்கு வேலை. இலையுதிர்காலம் வந்தால் ஊர்க்காரரின் மான் வேட்டைக் குழுவோடு காட்டுக்குப் போவார். அந்தக் குழுவில் இருந்த ஒரே தமிழர் அவர். அனுமதிப் பத்திரம், பரீட்சை, துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். மனசு மட்டும்தான் ஒழுங்கில்லாமல் கிடந்தது.

அவருடைய பழைய துவக்குக்குக் குழல் நீளம். போன வருடம் அது மரக்கிளையில் கொழுவிச் சிக்கி வெடி தவறிப்போய்விட்டதாக எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஆகவே இந்த முறை கட்டையான ஒன்று வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் பிடியைக் கையால் இழுத்துத் தள்ளுகிற வகைதான் வேண்டும், அதில் மாற்றமில்லை. மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை, பாரம் குறைந்ததுதான் நல்லது என்பார். புதன்கிழமை, பாரம் குறைந்தால் தோளில் உதைக்குமே என்பார். குழல் குறுகினால் சத்தம் கூடும். சத்தத்தை அடக்கும் குழாயை முன்னால் பூட்டினால் பழையபடி நீளம். மரப்பிடி மழைக்கு ஊதும், பிளாஸ்டிக் பிடி பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

கட்டிலில் படுத்தும் தொலைபேசியில் துவக்குத்தான் பார்த்தார். மனைவி சுகிர்தாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அதற்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர் அவர். இனி இந்த வீட்டில் அந்தச் சாமானைப் பற்றிக் கதைப்பதானால் கப்பலிலேயே போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வேட்டைக் குழுவின் தலைவர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். வருகிறாரா, இல்லையா? இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருந்தார். விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. அதற்காகப் பல வருடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் தயாபரன். இப்போது அதை விடவும் மனமில்லை, ஓம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை அவர் வதனியிடம் போனார்.

வதனி அவரைவிடப் பத்து வயது இளையவர். வேட்டைப் பரீட்சைக்கு ஆட்களைப் பழக்குபவர், காயப்பட்ட மானைத் தேடிப் போகிறவர். தயாபரனுக்குத் துவக்குப் பிடிக்கப் பழக்கியதும் அவர்தான். அதனால் தயாபரன் அவரை ரீச்சர் என்பார், ரீச்சர் இவரை அண்ணை என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பழக்கும்போது ரீச்சர் முதல்நாளே சொல்வது ஒன்று. சுட்டவர், தவறியது என்று தோன்றினாலும், தானே போய்ப் பார்க்க வேண்டும். மான் நின்ற இடத்திலிருந்து அது ஓடிய வழியே நடந்து தேட வேண்டும். ஒரு துளி இரத்தமோ ஒரு பிடி மயிரோ கண்டால் உடனே சொல்ல வேண்டும். குழு முழுவதும் வேட்டையை நிறுத்தும், மோப்ப நாய் வரும். அந்த ஊரில் இதில் விளையாட்டே கிடையாது.

தயாபரன் வந்ததும் வராததுமாகத் துவக்குப் புராணத்தைத் தொடங்கினார். ரீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைக்குப் போவோம் என்றார்.

கடைக்காரர் கட்டைத் துவக்குகளை வரிசையாக மேசையில் வைத்தார். தயாபரன் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார், பிடியை இழுத்துப் பார்த்தார், நல்லது என்றார், திரும்ப வைத்தார். கடைசியாக எடுத்தது அவருக்கென்றே செய்தது போல இருந்தது.

"இதிலை என்ன குறை?" என்று ரீச்சர் கேட்டார்.

"குறை ஒண்டும் இல்லை."

"அப்ப வாங்குங்கோவன்."

தயாபரன் அதைச் சுடுசட்டியை வைப்பதுபோல மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். இன்னும் ஒரு கடை பார்க்கலாமா என்று கேட்டார்.

ரீச்சர் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். அடுத்த கடைக்குப் போகவில்லை. போன வருடம் வெடி தவறிய இடத்துக்குக் காரை விடச் சொன்னார். இறங்கும்போது காரின் பின்பக்கத்திலிருந்து மரம் அறுக்கும் ஒரு கைவாளை எடுத்துக்கொண்டார். தயாபரன் அதைப் பார்த்தார். கார்த் திறப்பின் சாவி வளையத்தை விரலில் போட்டுச் சுழற்றிக்கொண்டே நடந்தார்.

ஊசியிலை மரங்கள் நெருக்கி நின்ற காடு. தயாபரன் தான் நின்ற இடத்தைக் காட்டினார். எதிரே பாசி பிடித்த ஒரு கல். மான் அந்தக் கல்லடியில்தான் நின்றது. அங்கிருந்து ஓடைப் பக்கமாக ஓடியது.

"அண்டைக்கு ஓடை வரைக்கும் போய்ப் பாத்தனீங்கள்தானே?"

"ஓம் ஓம்," என்றார் தயாபரன். ஒரு ஓம் கூடிவிட்டது.

ரீச்சர் விழுந்து கிடந்த ஒரு மரக்கொப்பை எடுத்துப் பழைய துவக்கின் நீளத்துக்கு அறுத்தார். அதைத் தோளில் கொழுவிக்கொள்ளக் கயிறும் கட்டிக் கொடுத்தார். மான் ஓடிய வழியே ஓடை வரைக்கும் போய்விட்டு வரச் சொன்னார்.

தயாபரன் போனார். தடி கிளைகளில் உரசியது, இடித்தது. கல்லடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"கொழுவுது, ரீச்சர். நான் சொன்னன்தானே."

ரீச்சர் ஒரு சாண் அறுத்தார். தயாபரன் போனார், கல்லடியில் திரும்பினார். இப்போது பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கட்டையாக இருந்தால் நல்லது என்றார். ரீச்சர் இன்னொரு சாண் அறுத்தார். தயாபரன் போனார், கல்லடியில் திரும்பினார். பாரத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார். ரீச்சர் அறுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய காலில் இருந்த சப்பாத்தெல்லாம் மரத்தூள்.

கடைசியில் தடி அகப்பைக் காம்பு அளவுக்கு வந்தது. கயிறு கட்டக்கூட இடமில்லை. தயாபரன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு கிளையும் தொடவில்லை, ஒரு இலையும் அசையவில்லை. கல்லடிக்குப் போனார், நின்றார், திரும்பி வந்தார்.

"இது எதிலை கொழுவினது, அண்ணை?"

தயாபரன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். மழை தூறத் தொடங்கியது. மணிக்கூட்டில் நேரத்தைப் பார்த்தார். பின்னேரம் தனக்குக் கப்பலில் வேலை இருக்கிறது, போக வேண்டும் என்றார். ரீச்சர் விழுந்த மரத்தில் உட்கார்ந்து வாளில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தார். தயாபரன் இரண்டு அடி போனார், திரும்பி வந்தார். திரும்பவும் போனார், வந்தார்.

"மயிர் கிடந்தது, ரீச்சர்."

ரீச்சர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்தக் கல்லடியிலை. ஒரு பிடி மயிர். நான் காலாலை இலையைத் தள்ளி மூடிப்போட்டன்."

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. அன்றும் மழை. மற்றவர்கள் தூரத்தில் நின்றார்கள். மயிரைக் கண்டேன் என்று சொன்னால் அத்தனை பேரும் வேலையை விட்டு வர வேண்டும். தமிழன் சுடத் தெரியாமல் மானைக் காயப்படுத்திப்போட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். குழுவோடு பேசும் வானொலிக் கருவியை வாயருகே வைத்து, தவறிப்போய்விட்டது, துவக்கு கிளையில் கொழுவிவிட்டது என்றார். குழுவில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் இந்த ஒரு வருடமாக அவரை நித்திரை கொள்ள விடவில்லை.

"கொழுவவே இல்லை," என்றார்.

ரீச்சர் கையை நீட்டினார். தயாபரன் தடித்துண்டைக் கொடுத்தார்.

"இப்ப போய்ட்டு வாங்கோ."

தயாபரன் வெறுங்கையோடு போனார். கல்லடியில் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கல்லைத் தாண்டிப் போனார், மரங்களுக்குள் மறைந்தார்.

திரும்பி வந்தபோது அவருடைய முழங்காலில் சேறு. ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு மரத்தடியில் மான் எலும்பு கிடக்கிறது என்றார். நரி இழுத்து அங்குமிங்குமாகப் போட்டிருந்தது. விலா எலும்பும் தாடையும் மட்டும் அந்த இடத்திலேயே இருந்தன. கல்லடியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"இது அந்த மான்தான் எண்டு என்னெண்டு சொல்லுறது, ரீச்சர்?"

"இப்ப சொல்லேலாது. அண்டைக்குப் போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

காருக்குத் திரும்பி நடந்தார்கள். தயாபரன் திறப்பைச் சுழற்றவில்லை. காரடிக்கு வந்ததும் தொலைபேசியை எடுத்தார். இந்த முறை துவக்குப் பார்க்கவில்லை, குழுத் தலைவரைக் கூப்பிட்டார். போன வருடம் வெடி தவறவில்லை, மானில் பட்டது, மயிரைக் கண்டும் மறைத்துவிட்டேன் என்று அந்த ஊர்ப் பாஷையில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். இதைக் குழுவோடு கதைக்க வேண்டும், உன்னுடைய இடத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லித் தலைவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தயாபரன் காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்.

"இடம் தருவினமோ தெரியேல்லை," என்றார். "தந்தால், எந்தத் துவக்கை வாங்கட்டும், ரீச்சர்?"

ரீச்சர் கைவாளைக் காரின் பின்னால் வைத்து மூடினார்.

"வெடிச்ச பிறகும் உங்களோடை நடந்து வாறதாப் பாத்து எடுங்கோ, அண்ணை."