காசிச் செம்பு

"சாமி, அந்தத் தண்ணிய நான் ஊத்த மாட்டேன்" என்றார் ஆவுடையப்பன்.

மடத்துச் சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்தத் தண்ணிய?"

"தெரியாத மாதிரி கேக்காதீக. குழாயில வருதே, அந்தச் சாக்கடைத் தண்ணிய."

சாமி அடுத்த வெண்டைக்காயை எடுத்தார்.

பெரிய மடங்களுக்கு நிலம் உண்டு, யானை உண்டு, கோர்ட்டில் வழக்கு உண்டு. இந்த மடத்துக்கு இருந்தது ஒரு தண்ணீர்ப் பந்தல் மட்டும். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களின் பாதையில், கரிசல் காட்டு ஊர் ஒன்றின் ஓரத்தில் இருந்தது. வாசலில் கீற்றுப் பந்தல், அதன் கீழே ஒரு கல்தொட்டி. தாகம் என்று வருகிறவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. முதல் ஆள் குடிக்கும் வரை ஊற்றுகிறவர் தன் நாக்கை நனைக்கக் கூடாது. மடத்தின் சட்டம் முழுக்க இவ்வளவுதான்.

ஊற்றுகிறவர் ஆவுடையப்பன். முந்தின சாமி காலத்தில் ஞானம் வேண்டும் என்று வந்தார்; கையில் செம்பைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். இப்போதைய சாமிக்கு ஆவுடையப்பனின் மகனாக இருக்கக்கூடிய வயது. அவ்வளவு சின்னவரைக் குரு என்று கும்பிட ஆரம்பத்தில் முதுகு வளையவில்லை. பிறகு வளைந்தது.

மழை பொய்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. மடத்துக் கிணறு வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் சமையலுக்கே காணாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

நகராட்சி ஒரு நிலையம் கட்டியது. ஊர்ச் சாக்கடை எல்லாம் அங்கே போய், வடிகட்டப்பட்டு, மறுபடியும் வடிகட்டப்பட்டு, குடிதண்ணீராகத் திரும்பி வரும். ஊர்க்காரர்கள் அதற்குச் சாக்கடை பேக்டரி என்று பெயர் வைத்தார்கள். குழாயில் வந்ததைச் செடிக்கு ஊற்றினார்கள். மாட்டுக்குக்கூட யோசித்துத்தான் வைத்தார்கள். மடத்தில் குடிக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று ஊர் மடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மடம் ஆவுடையப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு விசாகத்துக்கு நடக்குற கூட்டம் வந்துரும் ஓய்" என்றார் சாமி.

"தெரியும்."

"தொட்டி காஞ்சு கிடக்கு."

"அதுவும் தெரியும்."

"சரி. கிணத்துத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

"வேண்டாம் சாமி. மழைன்னு நான் சொல்லுவேன். மழை எங்கிருந்துன்னு கேப்பீக. மேகம், கடல், ஆறுன்னு ஊரைச் சுத்தி வந்து, எல்லாம் ஒண்ணுதான்னு முடிப்பீக. இந்தப் பாட்டை நான் முந்தின சாமிகிட்டயே கேட்டாச்சு."

சாமி சிரித்துவிட்டார்.

"அப்பம் கேக்கல."

எழுந்து பந்தலுக்குப் போனார். தன் கையாலேயே குழாயைத் திறந்தார். தண்ணீர் சலசலவென்று தொட்டியில் விழுந்தது. ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது, அதுதான் அவருக்கு எரிச்சல்.

தொட்டி நிரம்பியதும் சாமி அவர் முன்னால் வந்து குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்தார்.

"தாகமா இருக்கு."

ஆவுடையப்பன் பதறிப்போனார்.

"உள்ள பானையில லாரித் தண்ணி கொஞ்சம் கிடக்கு. கொண்டாரேன்."

"அது சமையலுக்கு. எனக்குப் பந்தல்ல நீரு ஊத்தணும்."

"இந்தத் தண்ணியையா? உங்களுக்கா?"

"மனசில்லைன்னா வேண்டாம். நீரு ஊத்தும்போது குடிச்சுக்கிடுதேன்."

கையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெயில் ஏறியது. சாமி சாப்பிட்டார், தண்ணீர் குடிக்கவில்லை. விக்கல் எடுத்தது, அப்போதும் குடிக்கவில்லை. ஆவுடையப்பன் கதவோரம் நின்று அந்த விக்கல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது.

தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

வேட்டிக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு காசிச் செம்பு இருந்தது. மூடி பற்றவைத்து அடைத்தது. உள்ளே கங்கைத் தண்ணீர். அவருடைய மனைவி பிச்சம்மாள் காசிக்குப் போனபோது ஒரு ஜோடி வாங்கி வந்தாள். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு, யார் முந்துறோமோ பார்ப்போம் என்று சிரித்தாள். அவள் முந்திவிட்டாள். அவளுடைய கடைசி வாய்க்கு அவர்தான் ஊற்றினார்.

மற்றது இது. அவருடைய கடைசி வாய்க்கு.

ஆணியும் கல்லும் கொண்டு மூடியை உடைத்தார். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. புண்ணியத்துக்கும் ஒரு வாசம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். பந்தலில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் செம்பைத் தொட்டியில் கவிழ்த்தார். முழங்கை வரை கையை விட்டு நன்றாகக் கலக்கினார். கலக்கும்போது சிவசிவா என்று சொன்னார்.

இனி எந்தச் சாக்கடையாக இருந்தால் என்ன!

செம்பில் மோந்துகொண்டு சாமியிடம் ஓடினார்.

"குடிங்க சாமி. நானே ஊத்துதேன்."

சாமி அவருடைய நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார்.

"மனசு மாறிருச்சா?"

"தண்ணி மாறிருச்சு."

சாமி கையைக் குவித்தார். அந்த நேரம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

வந்தது ஜெபமலர். நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கிற இன்ஜினியர். சோதனை மருந்து போட்ட சின்னப் பாட்டில்களில், குழாயில் ஒன்று, தொட்டியில் ஒன்று என்று பிடித்தாள். எது எது என்று அடிப்பக்கத்தில் சீட்டு ஒட்டினாள்.

"அண்ணாச்சி, இதை அடுப்படிச் சூட்டுல வைங்க. நாளைக்குக் காலையில பாப்போம். கறுத்துச்சுன்னா கெட்ட தண்ணி. கறுக்கலைன்னா தைரியமா ஊத்தலாம். அதுவரைக்கும் யாரும் குடிக்க வேண்டாம்."

"அப்பம் நானும் நாளைக்கே குடிக்கேன்" என்றார் சாமி.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையப்பன் அடுப்படிக்குப் போனார். ஒரு பாட்டில் அப்படியே இருந்தது. இன்னொன்று மை கரைத்ததுபோல் கறுத்துக் கிடந்தது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஜெபமலர் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"பாத்தீகளா சாமி! சொன்னேன்லா! பாரும்மா, உங்க குழாயோட லட்சணத்தை! தெளிஞ்சு இருக்கே, இதுதான் தொட்டி. என்ன பண்ணுனேன்னு கேளுங்க!"

"என்ன பண்ணுனீரு?"

"கங்கைய ஊத்துனேன்."

ஊர்க்காரர்கள் சிலர் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் கறுத்த பாட்டிலை அவர்களுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

ஜெபமலர் அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். தலைகீழாகத் திருப்பிச் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரிடமே நீட்டினாள்.

அவர் படித்தார்.

தொட்டி.

வேலியோரம் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, சாமி பார்த்ததும் நிறுத்தினான்.

"கையை விட்டுக் கலக்குனீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஜெபமலர். குரலில் கோபம் இல்லை.

"ஆமா."

"எத்தனை காலமா அடைச்சு வச்சிருந்த செம்பு?"

"அவ இருக்கும்போது வாங்குனது."

"ஆத்தை நான் குத்தம் சொல்லல. எந்தத் தண்ணியும் அடைஞ்சு கிடந்தா இப்படித்தான் ஆகும். தொட்டியத் திறந்து விட்டுட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவிருங்க. மறுபடி பிடிச்சுக்கிடலாம். குழாய்த் தண்ணி நல்லா இருக்கு."

ஆவுடையப்பன் சாமி பக்கம் திரும்பினார்.

"சாமி, இதே தண்ணியத்தான் அவ வாயிலயும் ஊத்துனேன்."

"அவ முகம் எப்படி இருந்துச்சு?"

"சிரிச்சா."

"அப்பம் அது நல்ல தண்ணிதான் ஓய்."

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். தொட்டியருகே போய் நின்றார். அடியில் துணி சுற்றிய மரக்கட்டை ஒன்று ஓட்டையை அடைத்திருந்தது. அதில் கை வைத்தார், உருவவில்லை.

"உருவும்" என்றார் சாமி.

"இது அவ கொண்டுவந்தது."

"தெரியும்."

"கங்கை சாமி. இதைப் போயி சாக்கடையில விடச் சொல்லுதீக."

"அந்தச் சாக்கடை எங்க போகுது?"

இந்தக் கேள்விக்கு ஊரில் அவரைவிட வேகமாகப் பதில் சொல்லக் கூடியவர் கிடையாது. டீக்கடையில், சந்தையில், கோயில் வாசலில் எத்தனையோ தடவை கத்திச் சொன்ன பதில். வாயைத் திறந்தார்.

வாசலில் ஓடிய சாக்கடையைப் பார்த்தார். அது தெருவோடு போய், வளைந்து, நிலையம் இருக்கிற திசையில் திரும்புவதைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பிக் குழாயைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

கட்டையை உருவினார்.

தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறியது. அவர் கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து, அது நிரம்பிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் வந்துவிட்டது. பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும், தார் ரோட்டில் வெந்த கால்களுமாக வந்தார்கள். முன்னால் வந்த அம்மாளின் உதடு வெடித்திருந்தது. அவள் நேரே வந்து குனிந்து கையைக் குவித்தாள். பாதி குனிந்தவள், தொட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"வழியில எல்லாக் கிணறும் வத்திக் கிடக்கே அண்ணாச்சி. உங்களுக்கு மட்டும் ஏது தண்ணி?"

ஜெபமலர் ஆவுடையப்பனைப் பார்த்தாள். வேலியோரம் நின்றவர்களும் பார்த்தார்கள். நல்ல தண்ணி, குடிம்மா என்று சொன்னால் முடிந்தது.

"ஊர்ச் சாக்கடைத் தண்ணிம்மா" என்றார். "அங்கன ஒரு நிலையத்துல சுத்தம் பண்ணி அனுப்புதாக. நேத்து நானே ஊத்த மாட்டேன்னுட்டேன்."

குவிந்த கை பிரிந்தது. பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாமி வந்தார். அவர் உதடும் காய்ந்து போயிருந்தது. ஆவுடையப்பன் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் குவித்தார்.

"தாகமா இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க சாமி" என்றார் ஆவுடையப்பன்.

வெயிலில் காய்ந்துகொண்டிருந்த காசிச் செம்பை எடுத்தார். அதையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புளி போட்டுத் தேய்த்திருந்தார், பொன்னாக மின்னியது. குழாயில் பிடித்தார். மடத்துச் சட்டம் அவருக்கு நினைவு வந்ததா, மறந்ததா, தெரியாது. அண்ணாந்து, செம்பைத் தூக்கித் தன் வாயில் ஊற்றிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்குவதைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

பிறகு மறுபடி பிடித்துச் சாமியின் கையில் ஊற்றினார்.

சாமி குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். தாடி நனைந்தது. போதும் என்று தலையாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, அவருக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் குனிந்திருந்தாள். கை குவிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொரு கை. வேலியோரம் நின்ற ஒருவன் வீட்டை நோக்கி ஓடினான். குடத்தோடு திரும்பி வந்தான்.

ஆவுடையப்பன் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

சாமி செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் ஓய், இருந்த ஒரு செம்பையும் உடைச்சாச்சு. இனி உம்ம கடைசி வாய்க்கு என்ன செய்வீரு?"

ஆவுடையப்பன் நிமிரவில்லை. அடுத்த கைக்குச் செம்பைச் சாய்த்தார்.

"குழாய் இருக்கே, சாமி."