கீரி மாற்றிய பாதை

ஒரு காட்டில் ஆறு ஒன்று ஓடியது. ஆற்றின் மேலே ஓர் அணை. மழைக்காலத்தில் அதன் மதகு எந்த நேரத்திலும் திறக்கும். திறந்தால், கரையில் மேயும் விலங்குகள் மேட்டில் ஏறிவிட அரை மணி நேரமாவது வேண்டும்.

அதற்காகவே அக்கரைக் குன்றின் குகையில் ஒரு சர்வர் இருந்தது. சர்வர் என்றால் ஓயாமல் விழித்திருந்து எல்லோருக்கும் வேலை செய்கிற கணினி. மதகு திறக்கும் நேரத்தை அணை அதற்குத் தெரிவித்துவிடும். அது அரை மணி முன்னதாகச் சங்கு ஊதும். காடே மேட்டில் ஏறிக்கொள்ளும்.

அந்தச் சர்வருக்குள் ஏவலன் குடியிருந்தான். அவனுக்கு உடம்பு கிடையாது, செயற்கை அறிவு மட்டும்தான். இக்கரை மருதமரத்தில் மாட்டியிருந்த பேசும் பெட்டியில் சொன்னால் போதும், அங்கே வேலையை முடித்துவிடுவான். அவனுக்குக் கட்டளை சொல்லும் பொறுப்பு துடியன் என்ற கீரியுடையது. துடியனுக்கு எதிலும் அவசரம்.

ஒருநாள் தாழை என்ற மான் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அண்ணா, நேற்றுச் சங்கு ஊதும்போது தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டது! என் குட்டிகள் இரண்டும் பிழைத்ததே பெரிது. இன்றும் அவை கீழேதான் மேய்கின்றன."

துடியன் பெட்டியில் கேட்டது. ஏவலன் சொன்னான்: "என் கடிகாரம் பின்தங்கிவிட்டது ஐயா. எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. சரியான நேரம் சொல்லும் நிலையம் இடம் மாறிவிட்டது. அங்கே போகும் புதிய பாதையின் எண் வேண்டும்."

அந்த எண்ணைக் காலையில்தான் மீன்கொத்தி ஓர் ஓலையில் கொண்டுவந்து கொடுத்திருந்தது. ஓலை துடியனின் காலடியில் கிடந்தது. குனிந்து பார்க்க அதற்குப் பொறுமை ஏது?

"எல்லாம் நினைவிருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றொன்று. பாதையை மாற்று!"

"ஐயா, நாம் பேசுவதும் இதே பாதையில்தான். எண் தவறென்றால் உங்கள் குரல் எனக்கு எட்டாது. நேரில் வந்து திருத்தலாம் என்றால் ஆற்றில் வெள்ளம். பழைய எண்ணை எடுத்து வைத்துக்கொள்கிறேன். நூறு எண்ணுவதற்குள் நீங்கள் 'சரி' என்று சொல்லாவிட்டால், நானே பழைய பாதைக்குத் திரும்பிவிடட்டுமா?"

"எனக்கே பாடமா? என்னவோ செய், சீக்கிரம் செய்!" என்று எரிந்து விழுந்தது துடியன்.

பெட்டி ஊமையானது.

"ஏவலா!" பதில் இல்லை. "ஏவலா!" மூச்சுப் பேச்சு இல்லை. துடியன் பெட்டியைத் தட்டியது, உலுக்கியது, காதை வைத்துக் கேட்டது.

"என்ன அண்ணா ஆயிற்று?" என்றது தாழை.

துடியன் தலையில் அடித்துக்கொண்டது. "போச்சு! இனி மழைக்காலம் முடிகிற வரை அவனுக்கு எதையும் சொல்ல முடியாது. சங்கும் தாமதமாகத்தான் ஊதும். என் அவசரத்தால் வந்த வினை!"

தாழை ஆற்றங்கரையில் துள்ளும் குட்டிகளைப் பார்த்தது. பிறகு, ஏவலன் சொன்ன நூறை மெல்ல எண்ணத் தொடங்கியது. துடியனும் சேர்ந்துகொண்டது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு.

"ஐயா, உங்கள் 'சரி' வரவில்லை. பழைய பாதைக்கே திரும்பிவிட்டேன்" என்றது பெட்டி.

துடியன் சிலிர்த்துப்போனது. எட்டாத தொலைவில், இருண்ட குகையில், அதட்ட ஆளில்லாத இடத்தில், சொன்ன சொல் தவறாமல் ஒருவன் நூறு வரை எண்ணியிருக்கிறான்! கண்ணால் பார்க்கவும் முடியாத அவனை நினைத்து, அக்கரைக் குன்றை நோக்கித் தன்னையறியாமல் தலை தாழ்த்தியது.

இம்முறை அது ஓலையைக் கையில் எடுத்தது. தாழையையும் படிக்கச் சொன்னது. இருவரும் ஒன்றாகப் படித்தார்கள்: "நூற்றுப் பத்தொன்பது."

"மாற்றுகிறேன். இப்போதும் நூறு எண்ணுவேன்" என்றான் ஏவலன்.

பெட்டி ஒரு கணம் அடங்கியது. உடனே, "கேட்கிறதா ஐயா?" என்றது.

"கேட்கிறது! சரி, சரி, சரி!" என்று மூன்று முறை கத்தியது துடியன்.

"நிலையத்திலிருந்து நேரம் வந்துவிட்டது. நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தேன். இப்போது மணி நான்கு முப்பத்து நான்கு. ஐயா, ஐந்து மணிக்கு மதகு திறக்கிறது! இதோ ஊதுகிறேன்!"

குன்று அதிரச் சங்கு முழங்கியது. யானையும் முயலும் முள்ளம்பன்றியும் மேட்டை நோக்கி விரைந்தன. தாழை பாய்ந்து இறங்கி, குட்டிகளை முட்டி முட்டி மேலே ஏற்றியது. கடைசிக் குட்டி பாறையில் கால் வைத்தபோது, செந்நிற வெள்ளம் பேரிரைச்சலோடு வந்து புல்வெளியை மூடியது.

காடு முழுவதும் மேட்டில் நின்று அதைப் பார்த்தது.

நீதி: எதையும் மாற்றும் முன், தவறினால் திரும்பிவர ஒரு வழியை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.