முப்பதும் பத்தும் நாப்பதா?

தென்காசி பஜார்ல ஒரு ஜவுளிக்கடை. அங்க பட்டு செக்‌ஷன்ல செல்லக்கனி பதினோரு வருஷமா வேலை பாக்கா. பாக்கான்னா, நின்னுகிட்டே பாக்கா. அந்தக் கடைல உக்காரலாம்னா ஒரே ஒரு ஆளுதான், செக்‌ஷன் இன்சார்ஜ். இருந்தவரு ஆடி மாசத்தோட வேலையை விட்டுட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டாரு, நாற்காலி காலி. பொழுதடைஞ்சா செல்லக்கனிக்கு ரெண்டு காலும் வீங்கி, செருப்பு வார் பதிஞ்சு கெடக்கும். அவளுக்கு அந்த நாற்காலி வேணும். பவுசுக்கு இல்ல, காலுக்கு.

ஆவணி ஒண்ணாந்தேதி வந்துச்சு வில்லங்கம். தள்ளுபடி முடிஞ்சாச்சு, எல்லாச் சேலைலயும் பழைய வெலை ஏறணும். ஒரு கத்திரிப்பூ கலர் பட்டுல ஸ்டிக்கரை உரிச்சா, அடில இருந்ததெல்லாம், அச்சு வெலையோட சேந்து கிழிஞ்சு வந்துட்டு. கம்ப்யூட்டர்லயும் பழசை அழிச்சுத்தான் புதுசை அடிச்சிருக்காங்க. மிச்சம் இருக்கது மேல ஒட்டுன கடைசி வெலை: ஆறாயிரத்து முந்நூறு.

மொதலாளி சங்கரபாண்டி கனைச்சாரு. அவரு கனைச்சா அறிவிப்பு வருதுன்னு அர்த்தம்.

"ஆடில முப்பது பர்சென்ட் கொறைச்சோம். கடைசி வெள்ளிக்கு மேக்கொண்டு பத்து. இதோட பழைய வெலையை எவன் சரியாச் சொல்லுதானோ, அவனுக்கு நாற்காலி!"

"எவளும் சொல்லலாம்லா மொதலாளி?"ன்னா செல்லக்கனி.

"சொல்லு தாயி, வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?"

கடைலயே மூத்த விற்பனையாளர் ஆவுடையப்பன் முந்திக்கிட்டாரு. "முப்பதும் பத்தும் நாப்பது. ஆறாயிரத்து முந்நூறோட நாப்பது பர்சென்ட்டைக் கூட்டுங்க. எட்டாயிரத்து எண்ணூத்தி இருவது! நாற்காலியை இப்படித் தள்ளுங்க."

பில் போடுற ஜெபசிங் பி.காம். படிச்சவன். "அண்ணாச்சி, கொறைச்சது பழைய வெலைல, கூட்டுறது மட்டும் கொறைஞ்ச வெலைலயா? நூறுல நாப்பது போனா அறுவது. அறுவது பங்கு ஆறாயிரத்து முந்நூறுன்னா, நூறு பங்கு..." டிக், டிக், டிக். கால்குலேட்டரைத் தூக்கிக் காட்டுனான். "பத்தாயிரத்து ஐநூறு!"

கடையே கை தட்டிச்சு. ஆவுடையப்பன் நாற்காலில இருந்து கையை எடுத்துட்டாரு.

செல்லக்கனி மட்டும் ஸ்டிக்கரையே பாத்துக்கிட்டு நின்னா. அந்த வெள்ளிக்கெழம எம்பத்தி நாலு சேலைக்கு ரெண்டாவது ஸ்டிக்கர் ஒட்டுனது அவ கைதான். 'அச்சு வெலையைத் தேடாத, மொத ஸ்டிக்கர்ல உள்ளதுல பத்தைக் கழிச்சு, அதுமேலயே ஒட்டு'ன்னு மொதலாளி சொன்னது அப்படியே காதுல கேட்டுச்சு.

"பத்தாயிரம்"னா.

"மிச்ச ஐநூறை எங்கக்கா தொலைச்சீங்க?"ன்னு சிரிச்சான் ஜெபசிங்.

நீங்க சொல்லுங்க: மூணு பேர்ல யாரு கணக்கு சரி? நாற்காலி யாருக்கு?

விடை: செல்லக்கனிக்குத்தான். ஒட்டுன மாதிரியேதான் உரிக்கணும், ஒவ்வொண்ணா. மேல் ஸ்டிக்கர்ல பத்து போயி மிச்சம் தொண்ணூறு பங்கு, அது ஆறாயிரத்து முந்நூறு. அப்போ நூறு பங்கு ஏழாயிரம். அதுதான் மொத ஸ்டிக்கர். அதுல முப்பது போயி மிச்சம் எழுவது பங்கு, அது ஏழாயிரம். அப்போ அச்சு வெலை பத்தாயிரம். ஜெபசிங் வழி நல்ல வழிதான். ஆனா பின்னால கழிச்ச பத்து, பத்தாயிரத்துல கழியல, ஏழாயிரத்துல கழிஞ்சுது. அவன் மூணு தடவ தட்டிப் பாத்தான், மூணு தடவயும் அவதான் ஜெயிச்சா. "யக்கா, நீங்க எங்கக்கா படிச்சீங்க?"ன்னு அவனே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

உக்காந்தா.

"அடுத்த சேலை என்ன வெலைம்மா?"ன்னாரு மொதலாளி.

"பொறுங்க மொதலாளி, மொதல்ல காலை நீட்டிக்கிடுதேன்."