அண்ணனுக்குச் சர்க்கரை போடலாமா?

வெள்ளைக்கோல் பிடித்துத் தெருவில் தனியாக நடக்கச் சொல்லிக்கொடுப்பவர் பிலோமினா டீச்சர். அவருக்கும் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அவரிடம் வருகிறவர்களில் வயதில் மூத்தவர் வேலாயுதம், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்க்கரை நோய் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் கண்ணை வாங்கிக்கொண்டது. டீச்சரைவிடப் பெரியவர்தான், ஆனால் வகுப்பில் அவரைப்போல் அடக்கமான மாணவர் வேறு யாருமில்லை.

அன்று அவர் அடக்கமாக இல்லை.

“டீச்சர், ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட எப்படித்தான் கேள்வி கேக்குறது?”

“வாயாலதான் சார்.”

“கேட்டேனே! நேத்து ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. பஸ்ல ஒவ்வொரு ஸ்டாப் பேரையும் சத்தமாச் சொல்ல ஏற்பாடு பண்ணுவீங்களா, எங்களுக்கும் தனியாப் போய்வர உரிமை இருக்குல்லன்னு கேட்டேன். அவரு குரல் என் மருமகன் பக்கமாத் திரும்பிருச்சு. ‘அப்பாவுக்கு ஒரு கண் முகாம் போட்டுருவோம் தம்பி’ன்னாரு.”

“அதுக்கு முந்தி ஒருத்தர் வந்தாரே?”

“அவரு பேசவே இல்ல. சொல்லாமக் கொள்ளாம ஒரு சால்வையத் தூக்கி மேல போட்டாரு. என்னமோ விழுந்திருச்சுன்னு நான் கத்த, அவரு பயந்து ஓட, தெருவே சிரிச்சுது.”

டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. வேலாயுதத்துக்கு வரவில்லை.

“செய்யட்டும், செய்யாமப் போகட்டும் டீச்சர். கேட்டது நான். பதிலை என்கிட்ட சொல்லணுமா இல்லையா? நான் என்ன மருமகன் கையில தொங்குற பையா?” இரண்டு வருடமாக உள்ளே கிடந்த வேதனை அது.

டீச்சர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. பட்டாசு வெடித்தது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் வேட்பாளர் இளம்பரிதி. மற்றவர் அவருடைய கட்சியின் ஒன்றியச் செயலாளர் தவமணி.

வேட்பாளர் கைகளைக் கூப்பி வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். பார்வையில்லாத இரண்டு பேர் முன்னால் அந்தக் கும்பிடு வீணாய்ப் போனது.

“யாரு?” என்றார் டீச்சர்.

“அண்ணன் வந்திருக்காரு டீச்சர், வேட்பாளர்” என்றார் தவமணி, அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டே. “பேசிப் பேசித் தொண்டை கட்டிருச்சு. வாயத் தெறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க கேளுங்க, அண்ணன் தலையாட்டுவாரு.”

“எங்களுக்கா?”

தவமணி கொஞ்சம் யோசித்தார். “அண்ணனுக்குப் பதிலா நானே சொல்லிர்றேன் டீச்சர்.”

வேலாயுதம் கோபமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் அவர் கையைத் தட்டி அமர்த்திவிட்டு, தவமணியின் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“பாவம். பொறந்ததுல இருந்தே இப்படியா?”

“ஐயையோ, முந்தாநாள் கூட்டத்துல இருந்துதான்.”

“காது கேக்குமா?”

“நல்லாக் கேக்கும்.”

டீச்சர் வேட்பாளர் இருந்த திசையில் நன்றாகக் குனிந்து, தெருமுனை வரை கேட்கும்படி கத்தினார். “டீ குடிக்கிறியாப்பா?”

வேட்பாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். டீச்சர் ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டே மறுபடி தவமணியிடம் கேட்டார். “இவருக்குச் சர்க்கரை போடலாமா?”

வேண்டாம் வேண்டாமென்று வேட்பாளர் இரண்டு கைகளையும் ஆட்டினார். தவமணி அவரைப் பார்க்கவே இல்லை. “தாராளமாப் போடுங்க. தெம்பா இருக்கும்.”

“கல்யாணம் ஆயிருச்சா?”

“ரெண்டு பொண்ணுங்க டீச்சர்.”

“பரவாயில்லையே! பிள்ளைகளுக்குப் பேச்சு வருதா?”

“வ... வருது.”

“நல்லவேளை. இந்த நெலமையிலயும் எலெக்‌ஷன்ல நிக்கிறாரே, என்ன தன்னம்பிக்கை!” டீச்சர் குரல் தழுதழுத்தது. “வீட்டுல சும்மா உக்கார வைக்காம இந்த மாதிரி வெளிய கூட்டிட்டு வர்றீங்களே, உங்களுக்குத்தான் புண்ணியம்.”

தவமணிக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. “நம்மால முடிஞ்சது டீச்சர்” என்றார்.

வேலாயுதத்துக்கு இப்போதுதான் பிடிபட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

“ஜெயிச்சுட்டா சட்டசபையில தனியா இருந்துக்குவாரா? இல்ல, கூட யாராச்சும் உக்காரணுமா?”

வேட்பாளர் கையிலிருந்த டீ கிளாஸ் மேசையில் டங்கென்று வந்து இறங்கியது. பாதி டீ தவமணியின் வேட்டியில் கொட்டியது.

“என்கிட்டக் கேளுங்க!”

தேங்காய் துருவுவது போலிருந்தது அந்தக் குரல். ஆனால் வேட்பாளரின் சொந்தக் குரல்.

“அண்ணன் என்ன சொல்றாருன்னா...” என்று ஆரம்பித்தார் தவமணி.

“நீ சும்மா இருய்யா!”

டீச்சர் வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார். “சார், கேக்கச் சொல்றாரு.”

வேலாயுதம் துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் ஸ்டாப் பேரைக் கூவிய குரல் இன்று நடுங்கியது. “பஸ்ல அடுத்த ஸ்டாப் எதுன்னு சொல்லாததால எங்களால தனியா எங்கயும் போக முடியல. அதுக்கு என்னங்க செய்வீங்க?”

வேட்பாளர் தவமணியைப் பார்த்தார். தவமணி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“ஐயா...” என்றார் வேட்பாளர், தொண்டையைப் பிடித்துக்கொண்டு. “இதை நான் யோசிச்சதே இல்லங்கய்யா. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல.”

கும்பிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, “கும்பிட்டுக்கிறேங்கய்யா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஜீப் சத்தம் தேய்ந்ததும் வேலாயுதம் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா டீச்சர்! இவ்வளவு பாடுபட்டும் கடைசியில தெரியலன்னுட்டாரே!”

“ஆமா” என்றார் டீச்சர், சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டே. “யார்கிட்ட சொன்னாரு?”

“என்கிட்ட” என்றார் வேலாயுதம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.