ஒன்பதில் நின்ற முள்

ஆறு நாற்பதுக்குச் சரியாக அந்தச் சத்தம் ஆரம்பித்தது. யாரோ துருப்பிடித்த தகரத்தை நகத்தால் கீறிக் கீறி உள்ளே வர வழி தேடுவது போல. கர்ர்ர்... கர்ர்ர்... நடுவே ஒரு விக்கல். மறுபடியும் கர்ர்ர்.

பிரிஸ்கா தொட்டிலில் கிடந்த குழந்தையை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சத்தம் போடுவது மேசைமேல் இருக்கும் ரேடியோ செட்தான், வேறொன்றும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? முதல் கீறலுக்கு அவளுக்குத் தூக்கிவாரிப் போடத்தான் செய்தது.

இன்று ஐந்தாம் நாள்.

அவள் கணவன் கிளாட்வின் சரக்குத் தோணியில் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போயிருந்தான். நடுக்கடலில் போன் எடுக்காது. ஆனால் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவர்கள். இரவு எட்டரை மணிக்கு எண்பது மீட்டர் அலையில் அவன் கூப்பிடுவான், இவள் பதில் சொல்வாள், கால் மணி நேரம். அப்படித்தான் பேச்சு. எண்பது மீட்டர் அலை பகலில் சோம்பிக் கிடக்கும். இருட்டினால் கடல் தாண்டும்.

நாலு இரவு போய்விட்டது. எட்டரைக்குச் செட்டில் இந்தக் கீறலைத் தவிர ஒன்றும் வரவில்லை. இன்று மத்தியானச் செய்தியில் மாலத்தீவுப் பக்கம் புயல் சின்னம் என்று சொல்லிவிட்டார்கள். தோணி முதலாளிக்குப் போன் போட்டாள். "தகவல் வந்தா சொல்லுதோம்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த போனைச் சண்முகக்கனிக்குப் போட்டாள். "மாஸ்டர், உடனே வா."

சண்முகக்கனி படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்க்கிறவள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே கான்வென்ட், ஒரே வகுப்பு. பிரிஸ்கா முதல் மார்க். கனி பெஞ்சு மேல் நின்றவள். ஒரு வருஷமாக முதல் மார்க்குக்காரி, பெஞ்சு மேல் நின்றவளிடம் ஈயம் பற்றவைக்கவும் கம்பி இழுக்கவும் கற்றுக்கொண்டிருந்தாள். விளையாட்டாகத்தான் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். விளையாட்டு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஏழே முக்காலுக்கு வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. கொண்டையில் திருப்புளியைச் செருகியபடி கனி உள்ளே வந்தாள்.

"ஏட்டி, என்ன எழவு சத்தம் இது? செட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்துதா?"

"நீ ரிப்பேர் பண்ணிக் குடுத்ததுல இருந்துதான் இப்படிக் கத்துது."

"அப்படியா?"

"ஆமா. நீ மாத்திப் போட்ட சாமான் ஏதோ சரியில்ல. திறந்து பாரு, மாஸ்டர். இன்னும் முக்கா மணி நேரந்தான் இருக்கு."

கனி திருப்புளியைத் தொடவில்லை. செட்டின் பின்னால் கையை விட்டு, ஆன்டெனா கேபிளை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

கீறல் நின்றது. பால் பொங்குவதற்கு முன்னால் வருமே, அந்த மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியது. வரும் அலையின் பலத்தைக் காட்டும் மீட்டரில் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"செட்டு என்ன சொல்லுது?"

பிரிஸ்கா உதட்டைக் கடித்தாள். "ஒண்ணும் சொல்லல."

கனி கேபிளைத் திரும்பச் செருகினாள். கர்ர்ர்.

"அப்ப ஆன்டெனாதான்!" பிரிஸ்காவின் குரல் துள்ளியது. "எனக்கு அப்பவே தெரியும். நீளம் பத்தல. முத நாளு இருவது மீட்டர் கம்பி, முள்ளு அஞ்சுல நின்னுச்சு. மறுநாளு அடுத்த கம்பம் வரைக்கும் இழுத்தேன், ஏழு. முந்தாநேத்து வீட்டைச் சுத்தி ஒரு வளையமே போட்டுட்டேன், ஒம்பது! பாரேன், ஒம்பதுலயே நிக்குது. இன்னும் அம்பது மீட்டர் சுருள் கட்டிலுக்கு அடியில கெடக்கு. வா, ஏணியப் புடி."

கனி தன் நெற்றியில் இருந்த அகலமான ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள். மீட்டர் கண்ணாடியில், முள் நின்ற இடத்தில் அதை ஒட்டினாள்.

"என்ன மாஸ்டர் பண்ணுத?"

"முள்ளு எங்க நிக்குது?"

"எப்படித் தெரியும்? மறைச்சுட்டியே."

"கிளாட்வின் அண்ணன் கொரலு கேக்குதா?"

"இல்ல."

"மறைக்கதுக்கு முன்னால கேட்டுச்சா?"

ஏணிப் பேச்சு அத்தோடு நின்றது.

குழந்தை கனியிடம் தாவியது. கனி அதை வாங்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். மணி எட்டு தாண்டிவிட்டது. பிரிஸ்கா அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள்.

"அப்ப வேற எங்கயோ இருந்துதான் வருது. நான் சும்மா இருக்கல, மாஸ்டர். நேத்து தெரு முழுக்கப் போனேன். லூர்து அண்ணாச்சி வீட்டு இன்வெர்ட்டர்தான்னு நெனச்சு, மெயினையே அணைக்கச் சொன்னேன்."

"அணைச்சாரா?"

"அணைச்சார். பாவம், மனுஷன் இருட்டுல தடவித் தடவி ரசம் சோறு சாப்பிட்டார். சத்தம் போகல. அடுத்து சேவியர் மாமா வீடு. அந்த அத்தை என்னைய ஏசாத ஏச்சில்ல, சீரியல்ல முக்கியமான கட்டமாம். விட்டேனா? ஏழு வீடு. ஏழு வீட்டையும் ஒவ்வொண்ணா அணைக்க வச்சுட்டேன்."

"தெருவுல எத்தன வீடு?"

"எட்டு."

கனி குழந்தையின் கொலுசைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டாவது இது," என்றாள் பிரிஸ்கா, மெதுவாக.

"மெயின் எங்க இருக்கு?"

"வேண்டாம்." பிரிஸ்கா சட்டென்று போய்ச் சுவரை மறைத்து நின்றாள். "மெயின அணைச்சா வெளிய வெளக்கு அணைஞ்சுரும்."

அந்த வீடு தெருவின் கடைசி வீடு. பின்னால் உப்பளம். கிளாட்வின் தோணி ஏறிய அன்றே பிரிஸ்கா கடைக்கு ஓடி, நாலு பெரிய வெள்ளை விளக்குகள் வாங்கி வந்து, வீட்டின் நாலு மூலையிலும் கம்பம் நட்டு மாட்டியிருந்தாள். இருட்டினால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும்; தனிச் சுவிட்ச் கிடையாது. ராத்திரி உப்பளத்தில் ஒரு பூனை நடந்தாலும் ஜன்னலில் இருந்தே பார்த்துவிடலாம்.

கனி குழந்தையோடு ஜன்னலுக்குப் போனாள். "கம்பிய உப்பளம் பக்கமா நேரா இழுன்னுல்ல சொன்னேன்? ஈர உப்பு மண்ணு, அலை சறுக்கிட்டுப் போவும்னு."

"அந்தப் பக்கம் போகப் பயமா இருந்துச்சு. அதான் வெளக்குக் கம்பத்துலயே கட்டிட்டேன்."

"நாலு கம்பத்துலயுமா?"

"முத நாளு ஒண்ணுல. மறுநாளு ரெண்டாவதுல..." விரலை மடக்கத் தொடங்கிய பிரிஸ்கா அப்படியே நின்றாள். ஐந்து. ஏழு. ஒன்பது. ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனாக் கம்பி ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சாண் மேலே, அதன் தலையைத் தடவிக்கொடுப்பது போலப் போய்க்கொண்டிருந்தது.

"வெளக்கு எத்தன மணிக்கு எரியும்?"

"இருட்டினதும் தானா எரியும். ஆறு..." அவள் கண் விரிந்தது. "ஆறு நாப்பது! மாஸ்டர், ஆறு நாப்பது!"

சுவரில் மணி எட்டு இருபத்தாறு.

"அணைச்சுரு, மாஸ்டர்! சீக்கிரம் அணை!"

"என் கையில பிள்ளை இருக்கு."

பிரிஸ்கா மெயின் சுவிட்சில் கையை வைத்தாள். வெளியே விளக்கு வெளிச்சம் வேலி வரைக்கும் வெள்ளையாகக் கிடந்தது. வேலிக்கு அப்பால் ஒரே கறுப்பு. கண்ணை இறுக்கிக்கொண்டு சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

வேலியும் கறுப்பாகிப் போனது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. பேட்டரியில் ஓடுகிற செட்டின் சின்ன மஞ்சள் வெளிச்சம் மட்டும் மேசைமேல் மிஞ்சியது.

கீறல் இல்லை. சுத்தமாக இல்லை.

எங்கோ தூரத்து மின்னல் ஒன்று படக்கென்று பொரிந்து அடங்கியது. அதற்குப் பின்னால் ஒரு மலையாளக் குரல் யாரிடமோ வீட்டு விசேஷம் விசாரித்துக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், இன்னும் மெலிதாக, ஒருவர் மோர்ஸ் தந்தி தட்டிக்கொண்டிருந்தார். பிரிஸ்கா குமிழை ஒரு மயிரிழை திருப்பினாள். சிங்களம். இன்னொரு மயிரிழை. யாரோ சிரித்தார்கள்.

"ஆளுக, மாஸ்டர்! எவ்வளவு ஆளுக! இத்தன பேரும் இங்கயேதான் இருந்தாகளா?"

"உஷ்."

எட்டரை. குறித்த இடத்தில் குமிழை நிறுத்தினாள். ஒன்றும் இல்லை. குழந்தை வேர்த்துச் சிணுங்கியது. செட்டின் சர்க்யூட் படத்தை நாலாக மடித்துக் கனி அதற்கு விசிறினாள். எட்டு முப்பத்துமூன்று. பிரிஸ்காவின் கை மைக்குக்குப் போனது.

"நான் கூப்பிடட்டுமா?"

"நாலு நாளா கூப்பிட்டேல்ல? கொஞ்சம் கேளு."

எட்டு முப்பத்தாறுக்கு வந்தது. ரேடியோவில் அவளுக்குப் பெயராக இருக்கும் அழைப்புக்குறி, எழுத்து எழுத்தாக, அலை மேல் ஏறி இறங்கிக்கொண்டு.

"...தோணியில இருந்து கிளாட்வின். பிரிஸ்கா, கேக்குதா? ஓவர்."

"கேக்குது! கேக்குது! எங்க இருக்கீக? நல்லா இருக்கீகளா? நாலு நாளா ஏன் கூப்பிடல? ஓவர்!"

ஒரு மின்னல் பொரிந்தது. பிறகு அவன் குரல்.

"நாலு நாளும் கூப்பிட்டேனே. உன் கொரலு எனக்குப் பக்கத்து ரூம்ல பேசுத மாதிரி வந்துச்சு. ஆள் இல்லாத தீவு மறைவுல நங்கூரம் போட்டுக் கெடக்கோம், காத்து அடங்காமக் கெளம்ப மாட்டோம், பயப்படாதன்னு நேத்து திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல நீதான் 'கேக்கல, கேக்கல'ன்னு அழுதுகிட்டே இருந்த. ஓவர்."

பிரிஸ்கா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். கனி எட்டிப் பொத்தானை அமுக்கி, குழந்தையை மைக் பக்கம் சாய்த்தாள். "ப்பா," என்றது குழந்தை. எச்சிலும் மைக்கில் பட்டது.

தோணியில் பன்னிரண்டு பேரும் சுகம். மற்ற பதினோரு வீட்டிலும் தகவல் சொல்லச் சொன்னான். வெங்காயம்தான் அழுகத் தொடங்கிவிட்டதாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார்களாம். எட்டே முக்காலுக்கு விடைபெற்றான்.

பிரிஸ்கா சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், கனியின் தோளைப் போட்டுக் குலுக்கினாள். "கேட்டியா? பக்கத்து ரூம்ல பேசுத மாதிரியாம்! நான் கட்டின ஆன்டெனா, மாஸ்டர்!"

"நீ கட்டினதுதான்."

கனி குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். "பதினோரு வீட்டுக்கும் நான் போய்ச் சொல்லிருதேன். அவங்களும் முழிச்சுக்கிட்டுதான் இருப்பாங்க."

"மாஸ்டர்." பிரிஸ்காவின் சிரிப்பு குறைந்துவிட்டது. "மெயினப் போடவா?"

"உன் வீடு."

"போட்டா எனக்குக் காது போயிரும். நாளைக்கும் அவுக கூப்பிடுவாக. போடாட்டி..." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "இந்த இருட்டுல யாராச்சும் வந்தா?"

"இத்தன நாளுல வந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"வெளிச்சத்துல தூரத்துலயே தெரியும்ல? பிள்ளையத் தூக்கிட்டு ஓடிருவேன். ஓடுததுக்குத் தோதா ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாளே போடாம வச்சிருக்கேன்."

கனி சிரிப்பாள் என்று பிரிஸ்கா நினைத்தாள். கனி சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். போனவள் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"இங்கதான் நிக்கேன். தாழ்ப்பாள் விழுத சத்தம் கேட்டாத்தான் வண்டிய எடுப்பேன்."

பிரிஸ்கா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இருட்டில் கதவைத் தடவினாள். இரும்புத் தாழ்ப்பாள் உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்தது. இழுத்தாள், அசையவில்லை. குழந்தையை இறக்கித் தரையில் உட்கார வைத்தாள். உள்ளங்கை இரண்டையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். துரு உதிர்ந்தது. தாழ்ப்பாள் வழுக்கிப் போய் நிலைக்குள் விழுந்தது.