இரட்டையருக்கு ஒரு ஸ்கேன்

நாகமணியும் நீலமணியும் பொள்ளாச்சியில் அரை மணி நேர இடைவெளியில் பிறந்த இரட்டையர். அவர்களுடைய அம்மா எதையும் இருவருக்கும் ஒன்றுபோலவே செய்வார். ஒருத்திக்குக் காமாலை கண்டால் இருவருக்கும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார். கசப்புத் தாங்காமல் சேர்ந்து அழுவார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள்.

கல்யாணம் இருவரையும் பிரித்தது. கோவைக்குப் போன நாகமணி மூன்று பிள்ளைகள் பெற்று, நன்றாகப் பருத்துவிட்டாள். நீலமணி வாழ்க்கைப்பட்டது வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில். மேடேறிக் கொழுந்து பறித்த உடம்பு ஒல்லியாகவே நின்றது. குழந்தை இல்லை.

அம்மா மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவர். அந்தப் பயத்தில், ஐம்பத்திரண்டு வயதில், கோவை மருத்துவமனையொன்றின் இலவச முகாமுக்குத் தங்கையை வரவழைத்தாள் நாகமணி. காத்திருந்த நேரமெல்லாம் பழைய பேச்சுதான்: ஆழியாற்றில் குளித்தது, ஒரே தாவணிக்குச் சண்டை போட்டது. நீலமணிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு விட்டதுபோல இருந்தது.

மார்பக எக்ஸ்ரேயில் இருவருக்கும் கட்டி எதுவும் தெரியவில்லை. ஆனால் நாகமணியின் படம் பெரும்பாலும் கறுப்பாக, தெளிவாக இருந்தது. நீலமணியின் படம் முழுக்க வெள்ளை.

"இது நோயில்லைம்மா, திசு அடர்த்தி. ஆனா கட்டியும் வெள்ளையாத்தான் தெரியும், இதுக்குள்ள மறைஞ்சிருக்கலாம். ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்" என்றார் மருத்துவர். அன்றைக்கு இன்னும் ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க. அக்காதான் மாருல வலிக்குதுன்னு சொல்லீட்டே இருக்கறா. அவளுக்குப் பாருங்க. நான் இன்னொரு நாள் வர்றேன்" என்றாள் நீலமணி. அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்பது அவளுக்கே தெரியாது.

"அதெல்லாம் வேண்டாம். ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. பார்த்தா ரெண்டு பேருக்கும் பாருங்க. இல்லீன்னா அடுத்த மாசம் சேர்ந்தே வர்றோம்" என்றாள் நாகமணி.

மருத்துவர் நாகமணியைக் கையாலும் பரிசோதித்தார். தோளிலிருந்து இறங்கிய தசைவலி அது. "ஸ்கேன் தங்கச்சிக்குத்தான். இன்னைக்கே" என்றார்.

மூவரில் யார் சொன்னது சரி? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: மருத்துவர் சொன்னதுதான். ஒரே வயிற்றில் பிறந்தாலும் உடல் எடை, பிள்ளைப்பேறு, வாழும் ஊர், செய்யும் வேலை எல்லாமாகச் சேர்ந்து உடம்பை வேறாக்கிவிடுகின்றன. கறுப்புப் படத்தில் 'ஒன்றுமில்லை' என்றால் பெரும்பாலும் நம்பலாம். வெள்ளைப் படத்தில் அதே சொல்லை அந்த அளவுக்கு நம்ப முடியாது. மலையில் இருப்பவளுக்கு 'இன்னொரு நாள்' வராமலே போகலாம். ஸ்கேனில், கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டி ஒன்று தெரிந்தது. ஆரம்ப நிலை; எடுத்துவிட்டார்கள். நீலமணி மலைக்குத் திரும்பிவிட்டாள். தினமும் காலையில் அக்காவின் போன் வரும்.

"அங்கே மழையா?"

"மழைதான். நீ எப்ப வர்றே?"