வெளியாகாத ப்ராசஸருக்கு ஒரு வெளியீட்டு விழா

தென்காசிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். அங்கே மூன்று பேர் சேர்ந்து 'தாழ்ப்பாள்' என்ற சிற்றிதழை நடத்திவந்தார்கள். கோமதிநாயகம் ஆசிரியர். செல்லச்சாமி விமர்சகர். ஆவுடையப்பன் கதை எழுதுகிறவர். அவருடைய முதல் கதை அடுத்த இதழில் வருவதாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பழைய கணினி புகைந்து அணைந்தது.

ஆவுடையப்பனுக்குத்தான் அவசரம். மகளின் கல்யாணப் பத்திரிகையில் 'எழுத்தாளர் ஆவுடையப்பன்' என்று அச்சடித்துவிட்டார்கள். மரக்கடை வைத்திருக்கும் சம்பந்தி ஆறுமுகநயினார், "என்ன புக்கு எழுதியிருக்கீங்க? எங்க சொந்தக்காரங்க கேக்காங்க" என்று போனில் விசாரித்துக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்குள் ஏதாவது ஒன்று வெளிவந்தாக வேண்டும்.

மூவரும் மதுரைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு லேப்டாப்பைப் பாதி விலைக்குக் காட்டினார்.

"ஏன் பாதி விலை?" என்றார் கோமதிநாயகம்.

"உள்ள இருக்கற ப்ராசஸர் இன்னும் வெளியாகலை சார். கம்பெனி சோதிச்சுப் பாக்கச் செஞ்சது, கைமாறி இங்க வந்துருச்சு. நல்ல வேகம். ஆனா ரிப்பேர்னா கம்பெனி பொறுப்பேத்துக்காது. நாலு பேரை விசாரிச்சுட்டு வாங்குங்க."

நாலு பேரை விசாரிக்கக் கிளம்பினார்கள். ஒரு கண்டக்டர், ஒரு ஜிகர்தண்டா கடைக்காரர், ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் ஆகிய மூவரும் தெரியாது என்று சொன்னார்கள். நாலாவது ஆள் அகப்படாமல், பஸ் நிலையத்து பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பினார்கள்.

"வெளியாகாத ப்ராசஸர் வாங்கலாமா?"

"வாங்கித் தொலைங்க" என்று சொல்லி அவர் திரும்பிப் படுத்தார்.

"மூணு பேர் நடுநிலை, ஒருத்தர் ஆதரவு. எதிர்ப்பே இல்ல" என்றார் செல்லச்சாமி. வாங்கிவிட்டார்கள்.

சீக்கிரம் சூடாகும், காற்றோட்டமாக வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை லேப்டாப்புக்குக் கொடுத்துவிட்டு மூவரும் நின்றுகொண்டு வந்தார்கள். அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்தார்கள். ராஜபாளையம் தாண்டியதும் சாரல் அடித்தது. செல்லச்சாமி குடையை விரித்து அதற்குப் பிடித்தார். ஜன்னலை மூடுவது பற்றிக் கடைக்காரர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஊர் வந்ததும் ஆவுடையப்பன் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் அடிக்க உட்கார்ந்தார். கோமதிநாயகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியாகாததுல கை வைக்கக் கூடாதுவே."

"ஏன் அண்ணாச்சி?"

"நம்ம இதழை என்னைக்காவது வெளியிடாம யாருக்கும் குடுத்திருக்கமா? போன தடவை விழாவுக்குக் கூட்டம் வரலைன்னு கட்டுக் கட்டா அப்படியே கெடந்துச்சே."

"கரையான் தின்னுச்சு."

"கரையான் தானா எடுத்துக்கிட்டது. நாம குடுக்கல."

செல்லச்சாமி மோவாயைத் தடவினார். "கம்பெனிக்காரன் ஏன் இத்தனை நாளா வெளியிடாம வச்சிருக்கான்?"

"சிறப்பு விருந்தினர் கெடைச்சிருக்க மாட்டாரு" என்றார் கோமதிநாயகம். "உள்ளூர்ல இருக்க நமக்கே கெடைக்க மாட்டேங்காரு. பாவம், வெளிநாட்டுக்காரனுக்கு இங்க யாரைத் தெரியும்?"

"கல்யாணம் நெருங்குது அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன்.

"அதுக்குத்தான் சொல்லுதேன். நாமளே வெளியிட்டிருவோம். முதல் பிரதியை உம்ம சம்பந்தி வாங்கிக்கிடட்டும். பொன்னாடை போட்டா அவரும் கேள்வி கேக்குறதை நிறுத்திருவாரு."

இது ஆவுடையப்பனுக்குப் பிடித்திருந்தது.

நூலகத்து மாடியில் விழா நடந்தது. ஓய்வுபெற்ற தாசில்தார் தலைமை தாங்கினார். "இந்த ப்ராசஸரை நான் இன்னும் வாசிக்கவில்லை. இருந்தாலும் இது ஒரு முக்கியமான வரவு என்பதில் சந்தேகமில்லை" என்று தொடங்கி வெகுநேரம் பேசினார். பிறகு ஜிகினாத் தாளைப் பிரித்து லேப்டாப்பை வெளியிட, ஆறுமுகநயினார் பெற்றுக்கொண்டார். எல்லோரும் அதை ஒரு கையால் தொட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். ஆறுமுகநயினார் பொன்னாடையோடு சேர்த்து அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் திருப்பத்தில் மறைந்தது.

"அண்ணாச்சி, அதைத் திருப்பிக் கேட்டா என்ன?" என்றார் ஆவுடையப்பன்.

"முதல் பிரதியை எவனாவது திருப்பிக் கேப்பானாவே?"

"அப்ப ரெண்டாவது பிரதி எங்க?"

கோமதிநாயகம் மைக் செட்காரருக்கு வாடகை கொடுக்கப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் ஒரு வாரம் சம்பந்தியின் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"உங்க புக்கைப் படிச்சிட்டேன் சம்பந்தி" என்றார் ஆறுமுகநயினார். "தெறந்தா உள்ள ஒரே கறுப்பு. உத்துப் பாத்தா என் மூஞ்சிதான் தெரியுது. பாத்துக்கிட்டே இருந்தேன், கண்ணு கலங்கிட்டு. பத்திரிகையில எழுத்தாளர்னு போட்டது சரிதான். இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டிருக்கலாம்."

லேப்டாப்புக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"வாசகன் பிரதிக்குள்ள தன்னைப் பாக்கணும்னு நான் எத்தனை கூட்டத்துல பேசியிருப்பேன்" என்றார் செல்லச்சாமி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அடுத்த இதழில் அந்த ப்ராசஸருக்கு விரிவான விமர்சனம் எழுதுவது என்று அங்கேயே முடிவாயிற்று. ஆனால் அதை டைப் அடிக்க ஒரு லேப்டாப் வேண்டும்.

கோமதிநாயகம் மதுரைக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இனிமே அந்த லேப்டாப்பைப் பாதி விலைக்கு விக்காதீங்க. அந்த ப்ராசஸர் வெளியாயிட்டு. நாங்கதான் வெளியிட்டோம். தாசில்தாரே வந்திருந்தாரு. எங்களுக்கு முழு விலைக்கே ஒண்ணு எடுத்து வைங்க. மேல மறக்காம ரெண்டாம் பதிப்புன்னு போட்டிருங்க."